பட்டறைக்குப் போன கட்டுரை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாம் பரீக்ஷை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு தாயாரும் மகளும் நம் வீட்டுக்கு வந்தார்கள். மகள் நம்மிடம் மூன்று வருஷம் கணக்குப் படித்தவள். இப்போது பக்கத்து ஜில்லாவிலுள்ள ஓர் எஞ்சினீயரிங் கலாசாலையில் கம்ப்யூட்டர் வலைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துவருகிறாள். தகப்பனார் இல்லை. தாயார் தையல் மிஷினை மிதித்தே அவளை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். நாற்காலியில் உட்காரும் முன்பே அந்த அம்மாள் தம் வழக்கை ஆரம்பித்துவிட்டார்.

"இத்தனை வருஷம் படிச்சுட்டு இப்போ பட்டறைக்குப் போறேங்கிறா, ஸார். பட்டறைக்குப் போகவா நான் ராத்திரி பகலாய்த் தைச்சேன்?"

மகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நாமும் சிரித்தோம். பிறகுதான், அந்தத் தாயாரின் கேள்வி சிரிக்கத் தக்கதன்று என்பது நமக்குப் புலப்பட்டது. அவர் கழுத்திலிருந்த இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைக்கலாமா, கூடாதா என்று கேட்கவே அவர்கள் வந்திருந்தார்கள்.

சொல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். 'ஒர்க்ஷாப்' என்று மேல்நாட்டார் சொல்வதைத் தமிழில் சிலர் 'பயிலரங்கு' என்கிறார்கள். சிலர் 'பணிமனை' என்கிறார்கள். அது பஸ்கள் படுத்துறங்கும் இடத்துக்கு ஏற்கெனவே வழங்கிவிட்ட பெயர். 'பட்டறை' என்பதே பொருத்தமானது என்பது நம் அபிப்பிராயம். கடைக்குப் போனால் வேலை முடிந்து சாணை பிடித்த அரிவாளைக் காணலாம். கொல்லன் பட்டறைக்குப் போனால் சிவக்கக் காய்ந்த இரும்பைத்தான் காணலாம். அது அரிவாளாகுமோ, கடப்பாரையாகுமோ, அடிக்கிறவனுக்கே இன்னும் நிச்சயமாகியிராது. பண்டித சபைகளிலும் இந்த வித்தியாசம் உண்டு. பெரிய மகாநாட்டுக்கு முடிந்த வேலையைக் கொண்டுபோக வேண்டும். பட்டறைக்கு முடியாத வேலையைக் கொண்டுபோகலாம். கம்ப்யூட்டர் வலைகளைப் பற்றிய பட்டறைகளில் பெயர் பெற்றது 'ஹாட்நெட்ஸ்' என்பது. பெயரிலேயே சூடு இருக்கிறது. அது 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில் முதன்முதலாகக் கூடியது. மேற்கோள் ஜாபிதாவைத் தவிர்த்துக் கட்டுரை ஆறு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பது அங்கே நெடுநாளைய வழக்கம். 2010-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள மாண்டரேயில் அது கூடியபோது, ஒரு முழு வலையையே ஒரு மடிக் கம்ப்யூட்டருக்குள் போலியாக அமைத்துச் சோதிக்கும் 'மினிநெட்' என்ற உபாயத்தைப் பற்றி லான்ட்ஸ், ஹெல்லர், மெக்கியோன் என்ற மூவர் ஒரு சிறு கட்டுரை வாசித்தார்கள். நம் மாணவி இன்று தன் பழைய மடிக் கம்ப்யூட்டரில் அதை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறாள்.

இன்னொரு விநோதத்தையும் நேயர்கள் அறிய வேண்டும். மற்ற சாஸ்திரங்களில் சஞ்சிகையில் பிரசுரமாவதுதான் பெருமை. மகாநாடு என்பது நாலு பேரைப் பார்த்துக் காப்பி சாப்பிட்டுத் திரும்பும் இடம். கம்ப்யூட்டர் சாஸ்திரத்திலோ மகாநாட்டில் ஏற்கப்படுவதுதான் பெருமையாகக் கருதப்படுகிறது. சஞ்சிகை வெளியாவதற்குள் விஷயம் பழசாகிவிடும் என்ற அவசரமே இதற்குக் காரணம். ஆகவே அங்கே இடம் கிடைப்பதற்குப் பெரும் போட்டி. பட்டறைகள் பல இந்தப் பெரிய மகாநாடுகளை ஒட்டி, அதற்கு முதல் நாளோ மறுநாளோ, அதே ஊரில் கூடுகின்றன. நம் தேசத்திலும் 2009 முதல் ஜனவரி மாதந்தோறும் பெங்களூரில் 'காம்ஸ்நெட்ஸ்' என்ற மகாநாடு கூடிவருகிறது. அதனோடும் பட்டறைகள் உண்டு.

காரியம் நடக்கும் விதம் இது. மூன்று நாலு மாதங்களுக்கு முன்னால் ஓர் அழைப்பு வெளியாகும். இன்னின்ன விஷயங்கள், இத்தனை பக்கம், எழுத்து இந்த அளவு, இன்ன தேதிக்குள் என்று அதில் கண்டிருக்கும். இந்தத் தேதி விஷயத்தில் ஒரு வேடிக்கை. பூமியில் ஏதாவது ஒரு மூலையில் அந்தத் தேதி முடியாமல் இருக்கும்வரை கெடு முடிந்ததாகாது என்று வைத்திருக்கிறார்கள். பசிபிக் சமுத்திரத்தில் பேக்கர் தீவு என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே மனிதர் வசிப்பதில்லை; பறவைகள் வசிக்கின்றன. கிரீனிச்சுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பிந்திய அந்தத் தீவின் நள்ளிரவுதான் உலகப் பண்டிதர்களுக்கெல்லாம் கெடு. நமக்கு அது மறுநாள் மாலை ஐந்தரை மணி. இதை ஒன்பதாம் வகுப்பில் கணக்காகக் கொடுத்துப் பார்த்தோம். நாற்பது பேரில் ஆறு பேர் சரியாகச் சொன்னார்கள், ஒரு பையன் மட்டும், "பறவைகளுக்குக் கெடு எதற்கு, ஸார்?" என்று கேட்டான். அவனுக்குப் பாதி மார்க்குக் கொடுத்திருக்கலாம்.

கட்டுரை போய்ச் சேர்ந்ததும் பரிசீலனைக் கமிட்டியார் அதை மூவருக்கோ அதற்கு மேற்பட்டவருக்கோ பங்கிடுகிறார்கள். இவர்களும் ஆராய்ச்சி செய்கிறவர்களே. இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. எழுதினவரின் ஆசிரியரோ, அதே கலாசாலையைச் சேர்ந்தவரோ, கூடச் சேர்ந்து எழுதினவரோ தீர்ப்புச் சொல்லலாகாது. பல இடங்களில் எழுதியவர் பெயரையும் மறைத்துவிடுகிறார்கள். நம் சர்க்கார் பரீக்ஷை விடைத்தாள்களில் பெயரை மறைத்துப் போலி எண் இடுகிறோம் அல்லவா, அதே நியாயம். நம் மாணவிக்கு இதனால் ஒரு சங்கடம் நேர்ந்தது. அவள் கட்டுரையே தன் ஊரைப் பற்றியது. ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆள் தெரிந்துவிடும். 'தென்னிந்தியாவில் ஒரு சிற்றூர்' என்று எழுதினாள். "நம்ம ஊருக்குப் பேர் இல்லையா?" என்று தாயார் கோபித்துக்கொண்டாராம்.

இவ்வளவு சம்பிரதாயமும் எதற்காக? நாம் கேட்ட கதைகளுக்குள் இதற்குச் சிறந்த பதிலாக நமக்குத் தோன்றுவது 1967-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவிலுள்ள டென்னஸி மாகாணத்தில் காட்லின்பர்க் என்ற மலையூரில் நடந்தது. கம்ப்யூட்டர்களை உள்ளிருந்து நடத்தும் ஏற்பாடுகளைப் பற்றிய பண்டிதர் கூட்டம் அது. அமெரிக்க ராணுவ இலாகாவின் ஆராய்ச்சிப் பகுதியான 'ஆர்ப்பா'விலிருந்து லாரி ராபர்ட்ஸ் என்பவர் வந்து, தூரத்து ஊர்களிலுள்ள கம்ப்யூட்டர்களைக் கம்பி வழியாக ஒன்றோடொன்று பேச வைக்கும் யோசனையைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அதே கூட்டத்தில் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆராய்ச்சிசாலையிலிருந்து ரோஜர் ஸ்கான்டில்பரி என்பவர் வந்திருந்தார். அவர் வாசித்தது டொனால்டு டேவிஸ் என்பவரும் தாமும் மற்றும் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை. செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் விலாசம் எழுதி, தனித்தனியே அனுப்பிப் போய்ச் சேரும் இடத்தில் மறுபடி ஒட்டிவிடுவது டேவிஸின் யோசனை. அந்தத் துண்டுக்கு அவர் இட்ட பெயர் 'பாக்கெட்'. நம் மளிகைக் கடைப் பாஷையில் பொட்டலம்.

இதைக் காட்டிலும் ஆச்சரியம் அடுத்தது. அமெரிக்காவிலேயே ராண்ட் ஸ்தாபனத்தில் பால் பாரன் என்பவர் இதை ஒத்த யோசனையை விவரித்துப் பதினொரு பகுதிகள் எழுதி 1964-லேயே வெளியிட்டிருந்தார். அந்த எழுத்தின் பெருமையை ராபர்ட்ஸுக்கு எடுத்துச் சொல்ல இங்கிலாந்திலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது! பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்பதை அடுத்த ஊர்க்காரர் வந்து சொன்ன கதைதான். அந்தச் சந்திப்புக்குப் பிறகு ராபர்ட்ஸ் தம் திட்டத்தைத் திருத்திக்கொண்டார். விநாடிக்கு 2,400 பிட் போகும் கம்பி போதும் என்றிருந்தவர் 50,000 பிட் போகும் கம்பிக்கு மாறினார். 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சிசாலைக்கு அந்த வலையில் முதல் செய்தி போயிற்று. 'லாகின்' என்று அனுப்ப முயன்றதில் இரண்டு எழுத்துப் போனதும் மறுமுனை யந்திரம் படுத்துக்கொண்டது. இருந்தாலும் இண்டர்நெட்டின் வித்து அதுதான். மூன்று இடத்தில் மூவர் தனித்தனியே யோசித்துக்கொண்டிருந்ததை ஒன்றுசேர்த்தது ஒரு மலையூரில் வாசிக்கப்பட்ட சில பக்கங்கள்.

நம் மாணவியின் விஷயத்துக்கு வருவோம். அவள் ஊரில் அடிக்கடி மின்சாரம் போய்விடும். திரும்பி வந்தவுடன் வீடுகளிலுள்ள இண்டர்நெட் பெட்டிகளும் டெலிவிஷன்களும் டெலிபோன்களும் ஒரே க்ஷணத்தில் விழித்துக்கொண்டு, எல்லாம் ஒருமிக்கக் கூச்சலிடுகின்றன. அந்தச் சில நிமிஷங்களில் எவருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. சினிமாக் கொட்டகையில் ஒற்றைக் கதவு வழியாக எல்லோரும் முண்டினால் என்ன நேருமோ அதுதான். கேபிள் நடத்துகிறவரின் அனுமதியுடன் ஒரு சிறு கருவியை அவருடைய அறையில் வைத்து, ஆறு மாத காலம் பொட்டலங்களின் தாமதத்தை அவள் குறித்து வைத்திருந்தாள்.

இது அற்ப விஷயம் என்று நேயர்கள் நினைத்தல் வேண்டா. 1986-ஆம் ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவில், லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிசாலைக்கும் பெர்க்லி ஸர்வகலாசாலைக்கும் இடையே இதே நெரிசல் வந்தது. இடைத் தூரம் நானூறு கெஜம். நடந்து போனால் ஐந்து நிமிஷம். விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த வழியில் வெறும் 40 பிட் போகலாயிற்று. எண்ணூறில் ஒரு பங்கு! வான் ஜேகப்சன் என்பவர் மைக்கேல் காரல்ஸ் என்பவருடன் சேர்ந்து இதன் காரணத்தை ஆராய்ந்தார். பொட்டலம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொரு யந்திரமும் அதையே மீண்டும் மீண்டும் அனுப்பியது. நெரிசல் மேலும் பெருகியது. முதலில் மெதுவாக அனுப்பு, வழி இருந்தால் கூட்டு, பொட்டலம் தொலைந்தால் உடனே குறைத்துக்கொள் என்று அவர் வகுத்த முறையை 1988-ஆம் ஆண்டு ஸ்டான்போர்டில் கூடிய 'ஸிக்காம்' மகாநாட்டில் வாசித்தார். அதே மகாநாட்டில் கே. கே. ராமகிருஷ்ணன், ராஜ் ஜெயின் என்ற நம்மவர் இருவரும் அதே நோய்க்கு வேறொரு மருந்து சொன்னார்கள்: வழியிலுள்ள யந்திரமே ஒரு பிட்டைக் குறித்து, 'இங்கே கூட்டமாயிருக்கிறது' என்று எச்சரிப்பது. இரண்டு மருந்தும் இன்றளவும் வேறு வேறு ரூபத்தில் உபயோகத்தில் இருக்கின்றன.

நம் சீமையிலும் பார்க்கலாம். தேனியிலுள்ள அரவிந்த் கண் ஆஸ்பத்திரியிலிருந்து சுற்றுக் கிராமங்களிலுள்ள கண் பரிசோதனை நிலையங்களுக்குக் கம்பியில்லா இணைப்புக் கொடுத்து, கிராமத்து நோயாளியை டாக்டர் திரையில் பார்த்துப் பேசும்படி செய்தார்கள். வீட்டுக்குள் உபயோகிக்கும் 'வைபை' சாதனத்தையே பல கிலோமீட்டர் தூரத்துக்கு எட்டவைக்கப் பார்த்தபோது அது தடுமாறிற்று. 'பொட்டலம் கிடைத்தது' என்ற பதில் தூரத்திலிருந்து வருவதற்குள் பொறுமை இழந்துவிட்டது. பெர்க்லி ஸர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் அதன் முறையை மாற்றி, இருபுறமும் முறைவைத்துப் பேசும்படி அமைத்து, இரண்டு முதல் ஐந்து மடங்கு வேகம் பெற்றதை 2007-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். மறு வருஷம் இன்னொரு கட்டுரை வந்தது; நமக்குப் பிடித்தது அதுதான். இணைப்பை அமைத்த பிறகு அதை உயிரோடு வைத்திருப்பதில் உள்ள கஷ்டங்களை, குறிப்பாகச் சீரில்லாத மின்சாரம் சாதனங்களைச் சுட்டுத் தின்றதை, ஒளிக்காமல் அதில் எழுதியிருந்தார்கள். நம் மாணவி இதைப் படித்துத்தான் தன் ஊர் மின்சாரமும் ஆராய்ச்சிக்கு உரியது என்று தைரியம் கொண்டாள்.

அந்தத் தைரியத்தோடு அவள் ஒரு பட்டறைக்குக் கட்டுரை அனுப்பினாள். ஆறு வாரத்தில் பதில் வந்தது: ஏற்பதற்கில்லை.

அதற்கு மறு வாரமே வேறொரு மகாநாட்டிலிருந்து கடிதம் வந்தது. 'கீர்த்தி வாய்ந்த ஆராய்ச்சியாளரே' என்று விளித்து, கட்டுரை அனுப்பினால் மூன்று தினங்களில் ஏற்றுக்கொள்வதாகவும், பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டினால் அத்தாட்சிப் பத்திரமும் பிரசுரமும் உண்டு என்றும் அதில் கண்டிருந்தது. நேரில் வரவும் வேண்டாமாம். டாக்டர் பட்டத்துக்கு முன்னால் கட்டுரை பிரசுரித்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை ஸர்வகலாசாலை மானியக் கமிஷன் 2022-ஆம் வருஷ விதிகளில் எடுத்துவிட்டது. ஆனால் தனித்தனிக் கலாசாலைகள் தங்கள் சொந்த விதியை வைத்துக்கொள்கின்றன. அவள் கலாசாலையிலும் இரண்டு கட்டுரை வேண்டும். வருஷம் போய்க்கொண்டிருக்கிறது. சங்கிலி கழுத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் நம் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருஷங்களுக்கு முன் நம் பழைய மாணவன் ஒருவன் இதைப் போன்ற ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினான். 'அகில உலக' என்ற வார்த்தையைக் கண்டதும் நாம் பூரித்துப் போனோம். பணம் கட்டச் சொன்னோம். அவன் அத்தாட்சிப் பத்திரத்தைப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் காட்டி எல்லோரும் கைதட்டினோம். பிற்பாடு வேலைக்கு மனுப்போட்ட ஓரிடத்தில் அவனிடம் அந்தக் கட்டுரையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு அவசியம் நேரவில்லை. அவன் நம்மைக் குறை கூறவில்லை. அதுதான் நமக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே இம்முறை அந்தப் பெண்ணுக்கு ஒரு கதை சொன்னோம். 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர் ஒரு கம்ப்யூட்டர் புரோக்ராம் எழுதினார்கள். அது தானாகவே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும். படம், வரைகோடு, மேற்கோள் எல்லாம் இருக்கும். அர்த்தம் மட்டும் இராது. கம்ப்யூட்டர் வலைகளைப் பற்றியது போல் தோன்றும் அப்படிப்பட்ட ஒரு பிதற்றலை பிளோரிடாவில் நடக்கவிருந்த ஒரு மகாநாட்டுக்கு அனுப்பினார்கள். 'பரிசீலிக்கப்படாத கட்டுரை' என்ற வகையில் மகாநாட்டார் அதை ஏற்றுக்கொண்டார்கள்! விஷயம் வெளியானதும் அழைப்பை ரத்துச் செய்தார்கள். மாணவர்களோ சும்மா இராமல், மகாநாடு நடந்த ஹோட்டலிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கள் சொந்தச் சபையைக் கூட்டிப் பிதற்றலை அரங்கேற்றினார்கள். சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றால், 2014-ல் ஸிரில் லாபே என்ற பிரெஞ்சுப் பண்டிதர், அதே யந்திரம் எழுதிய கட்டுரைகள் பெரிய பிரசுராலயங்களின் மகாநாட்டுத் தொகுதிகளிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தார். 120-க்கு மேற்பட்ட கட்டுரைகளை நீக்க வேண்டியதாயிற்று. பெரிய பெயரும் பூரண காவல் அன்று என்பது தெரிகிறது.

"அப்படியானால் நிராகரித்தவர்கள் சொன்னது மட்டும் சரி என்று எப்படி நம்புவது, ஸார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. நாம் மழுப்பவில்லை. 2014-ஆம் ஆண்டிலேயே, கம்ப்யூட்டர்களுக்குக் கற்பிக்கும் சாஸ்திரத்தைச் சேர்ந்த 'நிப்ஸ்' மகாநாட்டார் ஒரு சோதனை செய்தார்கள். 166 கட்டுரைகளை இரண்டு கமிட்டிகளிடம் தனித்தனியே கொடுத்தார்கள். 43 கட்டுரைகளில் இரு கமிட்டிகளின் தீர்ப்பும் மாறுபட்டன. ஒரு கமிட்டி ஏற்றவற்றில் பாதிக்கு மேல் மற்றது தள்ளிவிட்டது. விடைத்தாள் திருத்துகிற நமக்கு இது ஆச்சரியமாயில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் போட்ட மார்க்கும் பின் போட்ட மார்க்கும் ஒன்றாயிருப்பதில்லை என்பதை நாம் நாற்பது வயதுக்கு மேல்தான் ஒப்புக்கொண்டோம். இன்று வீட்டிலும் ஆபீஸிலும் ஓடும் 'ஈதர்நெட்' முறையைக் கண்டுபிடித்த ராபர்ட் மெட்காப்பின் டாக்டர் பட்ட ஆராய்ச்சியையே ஹார்வர்டு ஸர்வகலாசாலை முதல் தடவை திருப்பியடித்தது. அவர் ஹவாய்த் தீவின் 'அலோஹா' வானொலி வலையைப் பற்றிய கணக்கை விருத்தி செய்து சேர்த்துக்கொடுத்து 1973-ல் பட்டம் பெற்றார்.

"தீர்ப்பு இருக்கட்டும். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று காட்டு, அம்மா" என்றோம்.

அவள் அதுவரை அதை முழுவதும் படிக்கவில்லை! 'ஏற்பதற்கில்லை' என்ற வரியோடு மூடி வைத்துவிட்டாள். மூவர் எழுதியிருந்தார்கள். முதல்வர், ஒரே ஊரில் அளந்ததை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லலாமா என்று கேட்டிருந்தார். இரண்டாமவர் சிடுசிடுப்புக்காரர், ஐந்து பழைய கட்டுரைகளின் பெயரைச் சொல்லி, இவற்றைப் படித்தீரா என்று முடித்துவிட்டார். மூன்றாமவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். படங்களில் எழுத்துத் தெரியவில்லை என்று ஆரம்பித்து, கடைசியில் ஒரு கேள்வி போட்டிருந்தார். மின்சாரம் வந்ததும் தாமதம் உண்டாகிறது என்கிறீர்கள். அந்தத் தாமதம் பொட்டலங்கள் வரிசையில் காத்திருப்பதனாலா, அல்லது பெயரைக் கொடுத்து விலாசம் கேட்கும் இடத்தில் பதில் வராததனாலா? இரண்டையும் பிரித்து அளந்தீர்களா?

இண்டர்நெட்டில் ஓர் இடத்துக்குப் போக வேண்டுமானால் முதலில் அதன் பெயரைச் சொல்லி, அதற்கென்று உள்ள யந்திரத்திடம் எண்-விலாசத்தைக் கேட்டுப் பெற வேண்டும். டெலிபோன் டைரக்டரியைப் பார்ப்பது போல. அந்தக் கேள்வியைப் படித்ததும் பெண்ணின் முகம் மாறிற்று. வகுப்பில் கணக்குப் பிடிபடும்போது அந்த முகம் மாறுவதை முன்பும் நாம் பார்த்திருக்கிறோம். "பிரிக்கவில்லை, ஸார். ஆனால் குறிப்பு இருக்கிறது. பிரிக்கலாம்" என்றாள்.

தாயார் பக்கம் திரும்பி, "அம்மா, சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். இந்த மூன்று பேர் ஒரு பைசா வாங்காமல் உங்கள் பெண்ணின் வேலையைப் படித்திருக்கிறார்கள். பன்னிரண்டாயிரம் கேட்கிறவர்கள் படிக்க மாட்டார்கள்" என்றோம். அவருக்குப் பாதிதான் சமாதானம். "நல்ல இடத்துக்கும் செலவு உண்டுதானே?" என்றார். உண்டு, அவர் கேட்டது சரி. ஏற்றுக்கொண்ட பிறகு பதிவுக் கட்டணம் இருக்கிறது, ரயில் அல்லது விமானச் சத்தம் இருக்கிறது, வெளிதேசமானால் வீஸாவும் இருக்கிறது. ஆனால் முறையான சபைகள் பல மாணவர்களுக்குப் பிரயாண உதவி அளிக்கின்றன. விண்ணப்பம் எழுத அலுப்புப்பட்டு நம் பிள்ளைகள் கேட்காமலிருப்பதுதான் அதிகம்.

அடுத்த மூன்று வாரமும் அவள் உழைத்தாள். சிடுசிடுப்புக்காரர் சொன்ன ஐந்து கட்டுரைகளையும் படித்தாள். எஸ். கேசவ் என்ற ஆராய்ச்சியாளர் 2007-ல், கட்டுரையைப் படிப்பது எப்படி என்றே ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார். முதல் தடவை ஐந்து பத்து நிமிஷத்தில் தலைப்பும் முகவுரையும் முடிவுரையும்; இரண்டாம் தடவை ஒரு மணி நேரம் படங்களோடு; மூன்றாம் தடவை, தானே அந்த வேலையைச் செய்வதாகப் பாவித்துக்கொண்டு வரிவரியாக. அவள் அப்படியே செய்தாள். நாமும் முதல் தடவை வரையில் கூடப் போனோம். பக்கத்து ஊரிலும் ஒரு கருவியை வைத்தாள். பழைய குறிப்புகளைப் பிரித்துப் பார்த்ததில் மூன்றாமவர் சந்தேகித்ததே உண்மையாயிற்று: தாமதத்தில் பெரும் பகுதி விலாசம் கேட்கும் இடத்தில்தான். அவளுடைய முதல் கட்டுரை நோயைச் சரியாகச் சொல்லிக் காரணத்தைத் தப்பாகச் சொல்லியிருந்தது. பன்னிரண்டாயிரம் ரூபாயில் அந்தத் தப்பு அச்சேறியிருக்கும்.

சென்ற செவ்வாய்க்கிழமை வேறொரு பட்டறைக்குக் கெடு. மாலை நாலு மணிக்குக் கட்டுரை தயார். கடைசித் தடவையாகப் படித்துப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தாள். நாலு நாற்பதுக்கு மின்சாரம் போயிற்று. ஐந்து மணிக்கு வந்தது. வந்ததும், அவள் கட்டுரையின் நாலாம் பக்கத்தில் எழுதியிருந்தபடியே, ஊர் முழுவதும் ஒருமிக்க விழித்துக்கொண்டது, கட்டுரை நகரவில்லை. பெயரைச் சொல்லிக் கேட்டால் விலாசம் வரவில்லை. அப்போது அவளுக்கு ஒரு யுக்தி தோன்றிற்று. கேபிள்காரரின் விலாச யந்திரத்தை நம்பாமல், வெளியிலுள்ள வேறொரு யந்திரத்திடம் கேட்கும்படி தன் கம்ப்யூட்டரை மாற்றி அமைத்தாள். ஐந்து பதினேழுக்குக் கட்டுரை போய்ச் சேர்ந்ததாக ரசீது வந்தது. பேக்கர் தீவில் நள்ளிரவுக்கு இன்னும் பதின்மூன்று நிமிஷம் இருந்தது.

ராத்திரி தாயார் நம்மை டெலிபோனில் கூப்பிட்டார். பின்னால் தையல் மிஷின் சத்தம் கேட்டது; மகள் மிதித்துக்கொண்டிருந்தாள் போலும்.

"பட்டறையிலிருந்து எப்போ ஸார் பதில் வரும்?"

"ஏழு வாரம் ஆகும், அம்மா."

"ஆகட்டும். அதுக்குள்ளே தீபாவளித் துணியெல்லாம் தைச்சு முடிச்சுடுவோம்" என்றார்.